ஆயா கேட்ட நீலம்

ஹாஸ்டல்ல டாப் ஃப்ளோர் ரூம் கிடைச்ச பாவப்பட்ட ஜீவன்கள் எத்தனை பேர் இருக்கீங்க? கொஞ்சம் கையைத் தூக்குங்க பார்ப்போம்.

ஏப்ரல் மாசம். செமஸ்டர் எக்ஸாம். ராத்திரி பதினோரு மணி. ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுத்துது. ஆனா, வர்றது காத்தா, ஹேர் டிரையரானு தெரியலை. வெளியே வராந்தாவுல வந்து நின்னா பரவாயில்லாம இருக்கு. உள்ளே போனா அவியுது. 'வெயிலோன் ஆறரை மணிக்கே கடையைக் கட்டிட்டுப் போயிட்டாரு. அப்புறம் இங்கே எவன்டா அடுப்பு மூட்டிக்கிட்டே இருக்கான்?'னு யோசிச்சிருக்கீங்களா?

அடுப்பு உங்க தலைக்கு மேலதான் இருக்கு பாஸ். நீங்க ரூஃப்னு நினைச்சுக்கிட்டிருக்கிற அந்த கான்க்ரீட் தளம், பகல் முழுக்க வெயிலைக் குடிச்சுட்டு, ராத்திரி நீங்க புக்கைத் திறக்கிற நேரமாப் பார்த்து நிதானமா உங்க மேலே ஊத்துது.

இந்த விஷயத்தை எனக்குப் புரிய வைச்சது எந்த புரொஃபசரும் இல்லை. கள்ளக்குறிச்சி பக்கத்துல இருக்கிற என் நண்பனோட ஆயா. (சென்னை, மதுரை ஆட்கள் கவனத்துக்கு... அந்தப் பக்கம் ஆயான்னா பாட்டி!)

போன கோடையில ரெண்டு பேரும் கல்வராயன் மலைக்குப் போறதா பிளான். கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்தி வெள்ளிமலை. முந்தின நாள் ராத்திரி நண்பன் வீட்டுல தங்கினேன். சாப்பிட்டு முடிச்சுப் பார்த்தா, ஆயா பாயைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு தெருவுக்குக் கிளம்புறாங்க.

"ஏன் ஆயா, உள்ளே ஃபேன் இருக்கே?"

"வூடா தம்பி இது? வாணலி! நான் ஒருத்தி இதுல வறுபடணுமா? கூரை வூட்டுல இருந்தப்போ ஃபேனு ஏது, ஒண்ணு ஏது... நல்லாத்தான் தூங்கினேன்."

நான் சிரிச்சேன். நண்பன் சிரிக்கலை. அதுக்கு முந்தின மே மாசம் ஒரு மத்தியானம் ஆயா அந்த ரூமுக்குள்ளேயே மயங்கி விழுந்து, அக்கம்பக்கத்து ஆட்கள் தூக்கிக்கிட்டு ஓடின கதையை அப்புறம்தான் சொன்னான். அன்னிக்கு வீட்டுல வேற யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மோர் வாங்க வந்ததால பிழைச்சாங்க.

புல்லுக் கூரைக்குள்ளே ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிக் காத்து அறைகள் இருக்கு. சூடு அதைத் தாண்டி உள்ளே வர்றது கஷ்டம். கான்க்ரீட் அப்படியில்லை. மழைக்கு ஒழுகாது, தீப்பிடிக்காது, கரையான் தின்னாது. எல்லாம் சரி. ஆனா, சூட்டை வாங்கி வைக்கிற பேங்க் லாக்கர் அது. 'அப்போ பழையபடி கூரைக்கே போயிடலாமா?'னு கேட்காதீங்க. வருஷா வருஷம் கூரை மாத்துற செலவையும், மழை ராத்திரியில பாத்திரம் வைக்கிற வேதனையையும் அனுபவிச்சவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஆயாவே சொல்ல மாட்டாங்க.

அப்போ என்னதான் வழி?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். மேத்ஸ்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர் இடத்துல வந்து விழுற சூரிய சக்தி சுமார் 1000 வாட். உங்க வீட்டு அயர்ன்பாக்ஸும் கிட்டத்தட்ட அதே 1000 வாட். 20 அடிக்கு 20 அடி மொட்டை மாடின்னா 37 சதுர மீட்டர். ஆக, மாடியில 37 அயர்ன்பாக்ஸை ஆன் பண்ணி, கவுத்து வெச்ச மாதிரி! அதுவும் நம்ம கள்ளக்குறிச்சி அட்சரேகைக்கு ஏப்ரல் 20-ஐ ஒட்டி சூரியன் நட்ட நடு உச்சிக்கே வந்து நிக்கும். நிழல் காலடியிலேயே ஒளிஞ்சுக்கும். சுவரைவிட தளம்தான் முழு அடியையும் வாங்கும்.

பழைய சாம்பல் நிற கான்க்ரீட், வந்த வெயில்ல கால் பங்கைத் திருப்பி அனுப்பும். மீதி முக்கால் பங்கை முழுங்கிடும். அதாவது 28 அயர்ன்பாக்ஸ் உள்ளே. இதே தளத்துக்கு பளிச்னு வெள்ளை அடிச்சு, அது 80 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பினா..? உள்ளே வர்றது ஏழரை அயர்ன்பாக்ஸ்தான். அமெரிக்காவுல இருக்கிற லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் இந்த விஷயத்துல பல வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கிற இடம். 20 சதவிகிதம் திருப்பி அனுப்புற சாம்பல் கூரைக்கும், 80 சதவிகிதம் திருப்பி அனுப்புற சுத்தமான வெள்ளைக் கூரைக்கும் கோடை மத்தியானத்துல மேல்பரப்புச் சூட்டுல சுமார் 30 டிகிரி வரை வித்தியாசம் வரும்னு அவங்க கணக்கு. கவனிங்க, இது கூரையோட சூடு. ரூமுக்குள்ளே வர்ற வித்தியாசம் பொதுவா 2-ல இருந்து 5 டிகிரி. 'இவ்ளோதானா?'னு தோணும். 38 டிகிரியில தூக்கம் வராம புரண்டவங்களுக்கு 35-ஓட அருமை தெரியும்.

மறுநாள் காலையில ஆயாகிட்டே இந்தக் கணக்கை எல்லாம் பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கினேன். "மாடிக்கு வெள்ளை அடிச்சா சூடு குறையும் ஆயா. சுவத்துக்கும் சேர்த்து அடிச்சுடலாம்."

"சுவத்துக்கு வெள்ளையா? இது வூடா, ஆஸ்பத்திரியா? எனக்கு ஊதா அடிச்சுக் குடுங்கடா. நல்ல மயிலு கழுத்து ஊதா!"

மாட்டிக்கிட்டேன். ஏன்னா, இந்தக் கேள்விதான் உலகம் முழுக்க பெயின்ட் ஆராய்ச்சி பண்றவங்களை ஆட்டி வைக்கிற கேள்வி. வெள்ளை நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா, மனுஷங்களுக்குக் கலர் வேணும். நம்ம ஊர்ப்பக்கம் பஸ்ல போறப்போ ஜன்னல் வழியா பாருங்க. கிளிப்பச்சை, ரோஸ், கத்திரிப்பூ, மஞ்சள்னு ஒவ்வொரு வீடும் ஒரு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். அந்த சந்தோஷத்தைப் பிடுங்கிட்டு 'எல்லாரும் வெள்ளை அடிங்க'ன்னு சொன்னா யார் கேட்பாங்க? நானே கேட்க மாட்டேன்.

கலரும் வேணும், சூடும் வரக்கூடாது. முடியுமா?

முடியும். அங்கேதான் ஒரு அழகான தந்திரம் இருக்கு.

சூரியன் அனுப்புற சக்தியில நம்ம கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் பாதிக்கும் குறைவு. கொஞ்சூண்டு புற ஊதா. மீதி சுமார் பாதி, சிவப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, தோல்ல சுடும். இப்போ யோசிங்க... ஒரு சுவர் நீலமா தெரியணும்னா அது எதை முடிவு பண்ணினா போதும்? கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துல நீலத்தைத் திருப்பி அனுப்பணும், மீதியை முழுங்கணும். அவ்வளவுதான். அகச்சிவப்பை அது முழுங்கினாலும் சரி, துப்பினாலும் சரி, நம்ம கண்ணுக்கு ஒரே நீலம்தான்! அப்போ கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதியைத் திருப்பி அனுப்புற மாதிரி ஒரு நிறமியைச் செஞ்சுட்டா? பார்க்க அதே கலர், தொட்டா சூடு குறைச்சல்.

கறுப்புலகூட இது நடக்கும்! சாதாரண கறுப்பு பெயின்ட்ல இருக்கிறது கரி. எது வந்தாலும் ஸ்வாஹா பண்ணிடும். அதுக்குப் பதிலா குரோமியமும் இரும்பும் கலந்த ஆக்ஸைடை சூளையில வெச்சு எடுத்த கறுப்பு இருக்கு. பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனா, ரெண்டாவது, அகச்சிவப்பை நிறையவே திருப்பி அனுப்பிடும். கூரை ஓடுகள்ல பெர்க்லி ஆய்வகம் ஒப்பிட்டுக் காட்டின கணக்கு ஒண்ணு இருக்கு. சாதாரண கறுப்பு ஓடு வெயில்ல 4 சதவிகிதம்தான் திருப்பி அனுப்புது. இந்த மாதிரி நிறமிகள் போட்ட கறுப்பு ஓடு 41 சதவிகிதம். நீலத்துல 18 சதவிகிதம், 44 ஆகுது. நம்ம ஊர் ஓட்டுச் சிவப்புல 33 இருந்தது 48 ஆகுது. நம்ம அயர்ன்பாக்ஸ் பாஷையில சொன்னா, சாதாரண நீல மாடின்னா 30 பெட்டி, குளிர் நீலம்னா 21 பெட்டி.

இந்த ஐடியா முதல்ல வீட்டுக்காக வந்ததில்லைங்கிறதுதான் இதுல செம ட்விஸ்ட். பட்டாளத்துக்காக வந்தது. இலைகள் அகச்சிவப்பை பலமா திருப்பி அனுப்பும். அகச்சிவப்பு ஃபிலிம்ல போட்டோ எடுத்தா காடு முழுக்கப் பனி பெய்ஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கும். இரண்டாம் உலகப் போர்ல டாங்கிக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு மரத்தடியில ஒளிச்சு வெச்சா, கண்ணை ஏமாத்தலாம். அகச்சிவப்பு ஃபிலிமை ஏமாத்த முடியாது. வெள்ளைக் காட்டுக்கு நடுவுல டாங்கி மட்டும் கறுப்பா 'நான் இங்கே இருக்கேன்'னு நிக்கும். அதனால இலை மாதிரியே அகச்சிவப்பையும் திருப்பி அனுப்புற பச்சை வேணும்னு தேடினாங்க. குரோமியம் ஆக்ஸைடு பச்சை மாட்டிச்சு. அன்னிக்கு எதிரி விமானத்துல இருந்து தப்பிக்கக் கண்டுபிடிச்சது, இன்னிக்கு வெயில்ல இருந்து தப்பிக்க உதவுது.

கல்வராயன் மலைப் பாதையில பஸ் ஏறினப்போ எனக்கு இது ஞாபகம் வந்தது. கீழே தார் ரோடு கொதிக்குது. ரோட்டோரம் இருக்கிற இலையைத் தொட்டா ஜில்லுனு இருக்கு. இலை தண்ணியை ஆவியாக்கிக் குளிர வைக்கிறது ஒரு காரணம், அகச்சிவப்பை வேணாம்னு திருப்பி அனுப்புறது இன்னொரு காரணம். மரத்துக்குத் தெரிஞ்ச கெமிஸ்ட்ரி நமக்கு இவ்வளவு லேட்டா தெரிஞ்சிருக்கு.

சரி, ஆயா கேட்ட நீலத்துக்கு வருவோம். நீலத்துக்குன்னே ஒரு ஹீரோ இருக்காரு. பேரே மாஸ்!

சத்தியமா, பேரு மாஸ் சுப்பிரமணியன். முழுப் பேரு முன்னீர்பள்ளம் அப்பாதுரை சுப்பிரமணியன். முன்னீர்பள்ளம் எங்கேன்னு திருநெல்வேலிக்காரங்களுக்குச் சொல்ல வேணாம். சென்னையில பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்சு, சென்னை ஐ.ஐ.டி-யில 1982-ல திட நிலை வேதியியல்ல டாக்டரேட் வாங்கினவர். அப்புறம் அமெரிக்கா போயி ட்யூபான்ட் கம்பெனியில இருபது வருஷத்துக்கு மேல வேலை. 2006-ல ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு புரொஃபசரா வந்தாரு.

2009-ல அவர் லேப்ல தேடிக்கிட்டிருந்தது பெயின்ட் கிடையாது. கம்ப்யூட்டருக்கு உதவுற மாதிரி காந்த குணமும் மின் குணமும் சேர்ந்த ஒரு பொருள். ஆண்ட்ரூ ஸ்மித்னு அவரோட ஆராய்ச்சி மாணவர், இட்ரியம், இண்டியம், மாங்கனீஸ் ஆக்ஸைடுகளைக் கலந்து சுமார் 1200 டிகிரி சூளையில வெச்சு எடுத்தாரு. கறுப்போ, பழுப்போ வரும்னு பார்த்தா, வெளியே வந்தது கண்ணைப் பறிக்கிற நீலம்! தேடின காந்த குணம் அதுல உருப்படியா இல்லை. வேற யாராவது இருந்தா 'எக்ஸ்பரிமென்ட் ஃபெயிலியர்'னு ரெக்கார்டுல எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க. (நாம எத்தனை தடவை போயிருக்கோம்!) ட்யூபான்ட்ல வேலை பார்த்த அனுபவத்துல, நிலையான நீல நிறமி கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அவருக்குத் தெரியும். விடாமப் பிடிச்சுக்கிட்டாரு.

அந்த நீலம் ஏன் வந்தது? மாங்கனீஸ் அணுவைச் சுத்தி அஞ்சு ஆக்ஸிஜன் அணுக்கள், மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, இடுப்பைச் சுத்தி மூணுன்னு ஒரு வினோதமான அமைப்புல உட்கார்ந்திருக்கு. அந்த அமைப்பு சிவப்பையும் பச்சையையும் முழுங்கிட்டு, நீலத்தை மட்டும் விடுது. கூடவே போனஸா, அகச்சிவப்பை பலமா திருப்பி அனுப்புது. கோபால்ட் நீலம் 1802-ல வந்ததுக்கு அப்புறம், 200 வருஷத்துல வந்த முதல் புது கனிம நீலம்னு பத்திரிகைகள் கொண்டாடிச்சு. மூணு தனிமங்களோட குறியீடுகளைச் சேர்த்து 'யின்மின் நீலம்'னு பேர் வெச்சாங்க. கிரேயான் கம்பெனி ஒண்ணு 2017-ல இதைப் பார்த்து புது நீல கிரேயானே விட்டுச்சு. அமெரிக்காவுல தொழிற்சாலை பூச்சுகளுக்கு 2017-லயும், ஓவியர்கள் பயன்படுத்த 2020-லயும் அனுமதி கிடைச்சது. மாங்கனீஸுக்குப் பதிலா இரும்பு போட்டா ஆரஞ்சு, தாமிரம் போட்டா பச்சைன்னு அதே குடும்பத்துல வரிசையா பிள்ளைங்களும் பொறந்தாச்சு.

'ஆஹா, ஆயாவுக்கு மயிலு கழுத்து ஊதா ரெடி!'ன்னு நான் குதிச்சேன். அப்புறம் விலையைப் பார்த்தேன். 2021-ல அமெரிக்காவுல ஒரு கடையில 40 மில்லி ட்யூப் 179 டாலர். ஆயாவோட மேற்குச் சுவத்துக்கு அடிக்கணும்னா நண்பன் வீட்டுக் கரும்புக் காட்டை எழுதி வைக்கணும். வில்லன் யாருன்னா, இண்டியம். உங்க செல்போன் டச் ஸ்கிரீன்ல இருக்கிற அதே இண்டியம்தான். பூமியில கொஞ்சமா கிடைக்கும், கேட்குறவங்க அதிகம்.

இங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கு கெமிஸ்ட்ரி மேஜர்ஸ்! இண்டியம் இல்லாம, குரோமியம் பயம் இல்லாம, மலிவா ஒரு குளிர் நிறமி... இது இன்னும் யாரும் முழுசா ஜெயிக்காத மேட்ச். திருவனந்தபுரத்துல இருக்கிற சி.எஸ்.ஐ.ஆர்-நிஸ்ட் ஆய்வகத்துல இந்த மாதிரி நிறமிகள் மேல பல வருஷமா ஆராய்ச்சி நடந்திருக்கு. எம்.எஸ்ஸி முடிச்சுட்டு 'என்ன புராஜெக்ட் பண்றது?'னு சீனியர் ரெக்கார்டைத் தேடுறவங்க, ஒரு மஃபிள் ஃபர்னஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தா ஆரம்பிக்கக்கூடிய சப்ஜெக்ட் இது.

ஒரு உண்மையையும் சொல்லிடுறேன். எவ்வளவு சூப்பர் குளிர் நீலமா இருந்தாலும் அது வெள்ளைகிட்டே தோத்துடும். கலர்னாலே கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துல கொஞ்சத்தை முழுங்கித்தானே ஆகணும்? 44 எங்கே, 80 எங்கே? அதனால என் கட்சி இதுதான்... மொட்டை மாடியை யாரும் ரசிக்கிறதில்லை. காக்காவும் வடாமும்தான். அங்கே வெள்ளை. கண்ணுக்குத் தெரியுற சுவர்லயும், சரிவான ஓட்டுக் கூரையிலயும் கலர். 'சூட்டைக் குறைக்கும் கலர் பெயின்ட்'னு கடையில நீட்டினா, 'சூரிய ஒளியில எத்தனை சதவிகிதம் திருப்பி அனுப்பும்?'னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. டப்பாவுல அந்த நம்பர் இல்லைன்னா, நீங்க வாங்குறது வெறும் கலர்தான்.

வெள்ளைன்னதும் இன்னொரு நியூஸ். 2021-ல அமெரிக்காவோட பர்டியூ பல்கலைக்கழகம், 98.1 சதவிகித வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளை பெயின்ட்டைக் கண்டுபிடிச்சு கின்னஸ்ல போயிடுச்சு. அதுல இருக்கிறது பேரியம் சல்ஃபேட். நம்ம கடப்பா பக்கம் மங்கம்பேட்டையில மலை மலையா தோண்டுறாங்களே, அதே சரக்கு. அதுக்கு முந்தின வருஷம் அவங்க செஞ்ச பெயின்ட் 95.5 சதவிகிதம். அதுல இருந்தது என்ன தெரியுமா? கால்சியம் கார்பனேட். அதாவது, நம்ம சுண்ணாம்பு சுவத்துல காய்ஞ்சதும் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து என்னவா மாறுதோ, அது! அவங்க துகள் அளவை அளந்து அளந்து போட்டாங்க. நம்ம வாளிச் சுண்ணாம்பு அந்த 95-ஐத் தொடாது. ஆனா, சொந்தக்காரங்கதான்.

நம்ம பழைய ஆட்கள் இதுல லேசுப்பட்டவங்க இல்லை. மெட்ராஸ் டெரஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மரச்சட்டம் போட்டு, மேலே சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தா அடுக்கி, அதுக்கு மேலே கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியில குழைச்ச சுண்ணாம்புக் காரை போட்டு, நாள் கணக்குல தட்டித் தட்டி இறுக்குவாங்க. அந்தக் கடுக்காய்க்குப் பேர் போன இடங்கள்ல ஒண்ணு எது? நான் பஸ் ஏறிப் போன அதே கல்வராயன் மலை. அங்கே மலையாளி பழங்குடி மக்கள் காட்டுல பொறுக்குற பொருள்கள்ல கடுக்காய் முக்கியமானது. மலையில பொறுக்கி, சமவெளி வீடுகளைக் குளிர வெச்சிருக்காங்க.

வெள்ளிமலையில நாங்க இறங்கினப்போ ஒரு விஷயம் உறைச்சது. 1000 மீட்டர் உயரம் ஏறினா வெப்பம் சராசரியா ஆறு, ஆறரை டிகிரி குறையும். மலை ஊர்கள் பலதும் 2000 அடிக்கு மேல இருக்கு. அதனால ராத்திரி போர்வை கேட்குது. மார்கழியில கேட்கவே வேணாம். அங்கேயும் போய் 'கூரைக்கு வெள்ளை அடி'ன்னு சொன்னா, பனிக்காலத்துல கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் பிடுங்கிவிட்ட பாவம் நமக்கு வரும். மண் சுவரும் புல் கூரையும் இருந்த இடத்துல இப்போ அங்கேயும் கான்க்ரீட் வீடுகள் வந்துக்கிட்டே இருக்கு. கீழே கள்ளக்குறிச்சிக்குப் போடுற அதே பிளான், அதே தளம், அதே ஜன்னல். ஒரே மாவட்டத்துல ரெண்டு தட்பவெப்பம் இருக்குன்னு பிளான் போட்டவங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். (பெருவுல 2010 வாக்குல ஒருத்தர் பனி உருகாம இருக்க மலைப் பாறைக்கே வெள்ளை அடிக்க ஆரம்பிச்சாரு. நல்லவேளை, அவர் கல்வராயனைப் பார்க்கலை!)

ஆனா, கீழே சமவெளியில இது விளையாட்டில்லை. அகமதாபாத்ல 2010 மே மாசம் அடிச்ச அனல்ல, வழக்கத்தைவிட 1,300-க்கும் மேல் சாவு அதிகமா விழுந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் 2013-ல அந்த ஊர் வெப்பத்துக்குன்னே ஒரு செயல் திட்டம் போட்டது. 2017-ல ஏழைங்க வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்க ஆரம்பிச்சாங்க. தெலங்கானா 2023 ஏப்ரல்ல 'குளிர் கூரை'க்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்தது. நாட்டுலயே முதல் மாநிலம். 2028-க்குள்ளே 300 சதுர கிலோமீட்டர் கூரைங்கிறது இலக்கு. நம்ம தமிழ்நாடு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சது. புயல் வந்தா டி.வி காட்டும். அனல்ல விழுறவங்க ஆயா மாதிரி வீட்டுக்குள்ளே சத்தமில்லாம விழுறாங்க. பக்கத்து வீட்டு அக்கா எல்லா நாளும் மோர் வாங்க வர மாட்டாங்க.

அதனால மலையில இருந்து இறங்கின அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் நண்பனும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டோம். முதல்ல மாடியைக் கூட்டிக் கழுவினோம். பாசி, மண், காக்கா எச்சம், தேங்கா நார்னு ரெண்டு கூடை குப்பை. சுண்ணாம்பை முந்தின நாளே நீத்து வெச்சாச்சு. (தண்ணி ஊத்தினதும் கொதிக்கும் பாஸ். கிட்டே குனியாதீங்க. கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை கட்டாயம்.) வடிகட்டி, ஒட்டுறதுக்கு கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தென்னைமட்டை பிரஷ்ஷுல மூணு கோட். காலையில ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ளே முடிச்சோம். உங்க வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா ஒரு எச்சரிக்கை. அதைத் தேய்க்கவோ, சுரண்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஷீட் மேல ஏறி நிக்கவும் கூடாது, உடைஞ்சுடும்.

சுவர் விஷயத்துல ஆயா இறங்கி வரலை. "ஊதா"ன்னா ஊதாதான். கடைசியில பஞ்சாயத்து எப்படி முடிஞ்சது தெரியுமா? ஆயாவே வழி சொன்னாங்க. "அந்தக் காலத்துல சுண்ணாம்புல நீலக்கட்டியைக் கரைச்சு அடிப்போம்டா." அட, ஆமா! துணிக்குப் போடுற நீலப் பவுடர், ஒரு வாளி சுண்ணாம்புக்கு ஒரு சிட்டிகை. மயிலு கழுத்து வரலை. விடியக்கால வானம் மாதிரி ஒரு வெளிர் நீலம் வந்தது. அவ்வளவு வெளிர்ங்கிறதால வெள்ளையோட குணமும் பெருசா போகலை. மாஸ் சுப்பிரமணியன் நீலத்துக்கு 179 டாலர், ஆயா நீலத்துக்கு பத்து ரூபா.

மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடியில செருப்பில்லாம நின்னு பார்த்தேன். முன்னாடி அஞ்சு செகண்டு நிக்க முடியாத இடம். நின்னேன். நண்பனுக்கு போன் பேசிக்கிட்டே நின்னேன். கண்ணுதான் கூசுச்சு. எதிர் மாடி வீட்டுக்காரர் 'என்னப்பா, எங்க வீட்டு ஜன்னல்ல டார்ச் அடிக்கிற மாதிரி இருக்கு'ன்னு புகார் சொன்னாரு. நியாயமான புகார்தான். அந்தப் பக்கம் ஒரு கீத்துப் படல் வெச்சுக் கொடுத்தோம்.

ஒரு வருஷம் ஆச்சு. போன மாசம் மறுபடி போனேன். வெள்ளை, பழுப்பாகிடுச்சு. அந்தப் பக்கம் அரிசி மில் புகை, கரும்புச் சோகை எரிக்கிற கரி, ரோட்டு மண் எல்லாம் சேர்ந்து ஒரு படலம். கரி மாதிரி வெயிலை முழுங்குறது எதுவும் இல்லை. வெள்ளை மேல மெல்லிசா படிஞ்சாலும் ஆட்டம் குளோஸ். கூரை விஷயத்துல யாரும் சொல்லாத ரகசியம் இதுதான். அடிக்கிறது ஒரு நாள் வேலை, கழுவுறது வருஷா வருஷ வேலை. பங்குனி பிறக்கிறப்போ ஒரு தடவை துடைப்பம், தண்ணி, தேவைப்பட்டா ஒரு கோட். நாங்களும் மறுபடி துடைப்பத்தைத் தூக்கினோம்.

நீங்க வீட்டுல ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன். ஒரே மாதிரி மூணு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி. ஒண்ணுக்குக் கறுப்பு, ஒண்ணுக்கு உங்களுக்குப் பிடிச்ச கலர், ஒண்ணுக்குச் சுண்ணாம்பு. ஒரு பழைய தெர்மோகோல் மேல வெச்சு மத்தியான வெயில்ல அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் மூணு மூடி மேலயும் ஒரே அளவு வெண்ணெய் வெச்சு, எது முதல்ல உருகுதுன்னு பாருங்க. நம்ம கண்ணுக்குப் பிடிச்ச கலர் வெயிலுக்கு எவ்வளவு பிடிக்குதுன்னு தெரிஞ்சுடும். நீங்க டாப் ஃப்ளோர் ரூம்காரரா இருந்தா, அந்த ரிசல்ட்டை ஒரு பேப்பர்ல எழுதி வார்டன்கிட்டே கொடுங்க. பிரஷ் பிடிக்க நாலு பேர் ரெடியா இருக்கோம்னும் சேர்த்து எழுதுங்க. சுண்ணாம்பு செலவைப் பார்த்தா அவரால மறுக்க முடியாது.

ஆயாவைப் பத்திக் கேட்பீங்களே? போன மாசம் நான் போனப்போ ராத்திரி பாயைத் தூக்கிக்கிட்டு மறுபடியும் தெருவுக்குத்தான் கிளம்பினாங்க.

"ஏன் ஆயா, இப்போதான் உள்ளே சூடு இல்லையே?"

"சூடு இல்லைடா தம்பி. ஆனா, தெருவுல படுத்தாத்தானே நாலு பேருகிட்டே கதை பேச முடியும்?"